வேப்பங்கிண்ணத்தில் இரண்டு பக்கம் மட்டும் நார் பிய்கிறது: சாணை பிடிப்பதில் குறையா, உளி ஓட்டுவதில் குறையா?

புதுக்கிண்ணம் (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். கொல்லையில் வெட்டிய வேப்பமரத்தில் ஒரு கிண்ணம் கடைந்துகொண்டிருக்கிறேன். விட்டம் 9 அங்குலம். நார் லேத்தின் அச்சுக்குக் குறுக்கே போகும்படி, பலகைவாக்கில் முகத்தட்டில் திருகியிருக்கிறேன். வெளிப்பக்கம் பெரும்பாலும் வழவழப்பாக வருகிறது. ஆனால் எதிரெதிரே இரண்டு இடத்தில் மட்டும் நார் பிய்ந்து சொரசொரப்பாகக் குழி விழுகிறது. 80 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் குழி போவதற்குள் மற்ற இடம் தேய்ந்து வட்டமே கெட்டுவிடுகிறது.

என்னிடம் இருப்பது அரை அங்குலத் தண்டுள்ள பவுல் கௌஜ் (கிண்ணம் குடையும் பள்ள உளி), எச்எஸ்எஸ் (அதிவேக எஃகு). சாணை 6 அங்குலம், 2850 ஆர்பிஎம், அதோடு வந்த சாம்பல் நிறக் கல். ஜிக் (உளியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொடுக்கும் சட்டகம்) எதுவும் இல்லை, கையால் உருட்டித்தான் பிடிக்கிறேன். வேறு கௌஜ் வாங்க வேண்டுமா, ஜிக் வாங்க வேண்டுமா, இல்லை வேம்பே இப்படித்தானா?

---

சீவல்சுருள் (திருச்சி)

எதிரெதிரே இரண்டு இடம் என்று சொன்னதிலேயே பாதி பதில் இருக்கிறது. பலகைவாக்கில் வைத்த மரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் உளி இரண்டு முறை நாரோடு போகிறது, இரண்டு முறை நாரின் வெட்டுமுனையில் (நார் அறுபட்டு முனை தெரியும் இடத்தில்) ஏறுகிறது. நாரோடு போகும் இடத்தில் மழுங்கிய உளிகூடச் சமாளித்துவிடும். வெட்டுமுனையில் அது நாரை அறுக்காது, மடக்கிப் பிடுங்கும். வேம்பில் நார் அடுக்குக்கு அடுக்கு திசை மாறிப் பின்னியிருப்பதால் இது இன்னும் அதிகமாகத் தெரியும். ஆனாலும் வேம்பு நன்றாகக் கடையக்கூடிய மரம்தான். மரத்தின் மேல் பழி போட வேண்டாம்.

முதலில் இதைப் பாருங்கள். கௌஜின் நுனியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, விளிம்பைக் கண்ணுக்கு எதிரே வைத்து மெதுவாகத் திருப்புங்கள். எங்கேயாவது வெள்ளைக்கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது. கூரான விளிம்புக்கு அகலமே கிடையாது, அதனால் அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. கோடு தெரிந்தால் வேறு எதையும் ஆராய வேண்டாம், சாணைக்குப் போங்கள்.

அடுத்தது வெட்டும் திசை. வெளிப்பக்கத்தைக் கிண்ணத்தின் அடியிலிருந்து வாய் நோக்கி, அதாவது சின்ன விட்டத்திலிருந்து பெரிய விட்டத்துக்கு வெட்ட வேண்டும். உள்பக்கத்தை வாயிலிருந்து நடு நோக்கி வெட்ட வேண்டும். இப்படிப் போனால் அறுபடும் ஒவ்வொரு நாருக்கும் பின்னால் நீளமான இன்னொரு நார் முட்டுக்கொடுத்து நிற்கும். திசை மாறினால் முட்டு இல்லாத நார் பிளந்து எழும்பும். நீங்கள் எந்தப் பக்கமிருந்து வெட்டுகிறீர்கள் என்று எழுதவே இல்லையே?

ஜிக் பற்றி: வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கையால் பிடித்தால் கூர் வராது என்பதால் சொல்லவில்லை. இன்று பிடித்த அதே வடிவம் நாளையும் வர வேண்டும் என்பதால் சொல்கிறேன். ஒவ்வொரு முறை சாணைக்குப் போய் வரும்போதும் நுனியின் கோணம் இரண்டு மூன்று டிகிரி மாறினால், பெவல் (நுனியில் சாணை பிடித்த சாய்வுப் பரப்பு) மரத்தில் படியும் நிலை மாறும், கைப்பிடியை வைக்கும் இடம் மாறும். நேற்று கை கற்றுக்கொண்டது இன்று உதவாது. புதிதாகக் கற்பவர்கள் கேட்சுக்கு (உளி மரத்தில் சட்டென்று மாட்டி இழுபடுவதற்கு)ப் பயந்து லேத்தை மூடிப்போட்டுவிடுவதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் கையில் தினமும் ஒரு புது உளி இருக்கிறது, அது அவர்களுக்கே தெரியாது.

---

கல்லும்பொறியும் (ஓசூர்)

நான் டூல் ரூமில் கட்டர் கிரைண்டிங் பார்க்கிறவன். கடைசல் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. கல் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கூட வந்த சாம்பல் கல் சாதாரண இரும்பைத் தேய்க்கச் செய்தது. அதன் பிணைப்பு கடினம். எச்எஸ்எஸ் அதில் பட்டால் கல்லின் மணிகள் மழுங்கியும் உதிராமல் நிற்கும், கல் பளபளப்பாகிவிடும், அப்புறம் அது வெட்டாது, உரசிச் சூடாக்கும். வெள்ளை அலுமினியம் ஆக்ஸைடு கல் வாங்குங்கள். அதன் மணி எளிதில் உடைந்து புதுமுனை காட்டும். 80 நம்பர், பிணைப்பு மென்மையானதாகக் கேளுங்கள். கோவையிலேயே கிடைக்கும், சென்னையில் பாரிமுனைப் பக்கம் கிடைக்கும். அதோடு கல்லின் முகத்தைச் சீவிச் சமமாக்கும் ஒரு வைர டிரெஸ்ஸரும் வாங்கிவிடுங்கள். கல் வட்டமாக இல்லாமல் துள்ளினால் எவ்வளவு நல்ல ஜிக் போட்டாலும் பெவலில் பட்டை பட்டையாகத்தான் வரும்.

வேகத்தைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். 6 அங்குலக் கல் 2850 சுற்றில் ஓடினால் விளிம்பின் வேகம் நொடிக்குச் சுமார் 23 மீட்டர். 8 அங்குலக் கல் 1425 சுற்றில் சுமார் 15 மீட்டர். மெதுவான சாணையில் தவறைத் திருத்த நேரம் கிடைக்கும், உலோகமும் குறைவாகக் கரையும். வாங்க முடிந்தால் நல்லது. ஆனால் உங்களிடம் இருக்கும் 2850ஐத் தூக்கிப்போட வேண்டியதில்லை, கை அழுத்தத்தைக் குறைத்தால் போதும்.

நீலம் பாய்வது பற்றி: பழைய கார்பன் எஃகு உளி 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பதம் இறங்க ஆரம்பிக்கும், நீலம் தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதுதான். எச்எஸ்எஸ் அப்படி இல்லை. எம்2 வகையில் டங்ஸ்டன் சுமார் 6 சதவீதம், மாலிப்டினம் 5, வனேடியம் 2 சதவீதம் இருக்கிறது. அதைப் பதப்படுத்துவதே 550 டிகிரியை ஒட்டித்தான். நுனியில் லேசாக நீலம் தெரிந்தால் கெட்டுவிடாது. ஆனால் சூடான எச்எஸ்எஸ்ஸைத் தண்ணீரில் முக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், அப்புறம் விளிம்பு பொடிப்பொடியாக உதிரும். காற்றில் ஆறவிட்டால் போதும்.

புதுக்கல்லை மாட்டுவதற்கு முன் விரலில் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல், மாட்டக் கூடாது. ஓடவிட்டு முதல் ஒரு நிமிடம் கல்லுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

---

அம்பை_கடைசல் (அம்பாசமுத்திரம்)

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கடைசல். சொப்புச் சாமான், தொட்டில் குண்டு, கட்டில் கால் எல்லாம் செய்திருக்கிறோம். தாத்தா தரையில் உட்கார்ந்து ஒரு கையால் வில்லை இழுத்து மறுகையால் உளி பிடித்தவர். அப்பா காலத்தில் மோட்டார் வந்தது. ஜிக் என்ற பேச்சே எங்கள் பட்டறையில் கிடையாது. பழைய அரத்தை அடித்துச் செய்த நக உளி, கையால் சாணை, கடைசியாக எண்ணெய்க் கல்லில் ஒரு தேய். அரக்கு ஏற்றும்போது மேற்பரப்பில் ஒரு கீறல் இருந்தாலும் நிறத்தில் தெரிந்துவிடும். அந்தச் சுத்தம் எங்களுக்குக் கையால்தான் வந்தது. தம்பி கையைப் பழக்கட்டும். கருவியை நம்பினால் கை வளராது.

---

சீவல்சுருள் (திருச்சி)

அண்ணே, உங்கள் பட்டறைச் சுத்தத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் நீங்கள் ஒரு நாளில் எத்தனை முறை கல்லைத் தொடுகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை, சின்ன வயதிலிருந்து. உங்கள் மணிக்கட்டே ஒரு ஜிக் ஆகிவிட்டது. இவர் வாரத்துக்கு ஒரு நாள் சாணை முன்னால் நிற்பவர். அவருக்கு அந்த நிலைத்தன்மையை யார் கொடுப்பது?

இன்னொன்று. பவுல் கௌஜின் வடிவம் நக உளியைப் போல எளிமையானதல்ல. மூக்கு, அதாவது நடு நுனி, ஒரு கோணத்தில் இருக்கும், இரு பக்க விளிம்புகளான இரண்டு இறக்கையும் பின்னால் சாய்ந்து வேறு கோணத்தில் போகும், நடுவில் அது விட்டுப்போகாமல் மாற வேண்டும். உருட்டுவது, ஆட்டுவது, ஏற்றுவது மூன்றும் ஒரே அசைவில் நடக்க வேண்டும். இறக்கையில் ஒரு குழிவு விழுந்தால்கூட அந்த உளி வெட்டும்போது துள்ளும்.

---

அம்பை_கடைசல் (அம்பாசமுத்திரம்)

இறக்கை விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் உளிக்கு அவ்வளவு நீள இறக்கை இல்லை.

ஆனால் திசையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படிக்கிறவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாங்கள் சொப்புக்கு மரத்தை நீளவாக்கில் வைக்கிறோம். நாரும் அச்சும் ஒரே பக்கம். அதில் எல்லாம் தலைகீழ். வெளிப்பக்கம் பெரிய விட்டத்திலிருந்து சின்ன விட்டத்துக்கு இறங்க வேண்டும். உள்ளே குடையும்போது நடுவில் ஆரம்பித்து வாய்ப்பக்கம் இழுத்து வர வேண்டும். வாயிலிருந்து நடுவுக்குத் தள்ளினால் சொப்பு உள்ளே முழுக்க மயிர் எழும்பும். திசையை மனப்பாடம் செய்யாதீர்கள், நார் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று முதலில் பாருங்கள்.

---

புதுக்கிண்ணம் (கோவை)

அண்ணா, ஐயா, எல்லோருக்கும் நன்றி. வெளிச்சத்தில் பார்த்தேன். மூக்குக்கு இடப்பக்கம் இறக்கை ஆரம்பிக்கும் இடத்தில் வெள்ளைக்கோடு நன்றாகத் தெரிகிறது. நான் வெளிப்பக்கத்தை வாயிலிருந்து அடிக்கு வெட்டிக்கொண்டிருந்தேன், இன்று திசையை மாற்றிப் பார்க்கிறேன். வெள்ளைக்கல்லுக்குச் சொல்லியிருக்கிறேன். ஜிக்கை வீட்டிலேயே செய்ய முடியுமா? வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் லேத் விலையில் பாதி ஆகிறது. கோணம் எவ்வளவு வைப்பது?

---

வடக்குக்காற்று (டொரொண்டோ)

செய்யலாம், தாராளமாக. நான் இருக்கும் ஒன்ராறியோவில்தான், ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரில், ஒன்வே நிறுவனம் இருக்கிறது. பலர் பார்த்துச் செய்யும் வுல்வரின் ஜிக் அவர்களுடையது. அடிப்படை மிக எளிது. சாணைக்கு நேர் கீழே ஒரு சட்டம் முன்னும் பின்னும் நகர்ந்து பூட்டிக்கொள்ளும். அதன் முனையில் வி வடிவக் குழி. கௌஜைப் பிடிக்கும் ஒரு கவ்வி, அதற்கு ஒரு கால், காலின் நுனி அந்தக் குழியில் உட்கார்ந்து சுழலும். சதுரக்குழாய், ஒரு நட்டு, ஒரு போல்ட்டு, வெல்டிங் பட்டறையில் அரை நாள். சாணையும் சட்டமும் ஒரே தடிமனான பலகையில் இறுக்கமாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று ஆடினாலும் பயனில்லை.

பிறகு மூன்று அளவுகளை மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள். கவ்வியிலிருந்து கௌஜ் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, காலின் சாய்வு எவ்வளவு, வி குழி கல்லிலிருந்து எவ்வளவு தூரம். நீட்டலுக்கு நான் 50 மி.மீ. வைக்கிறேன். மேசை ஓரத்தில் ஒரு கட்டையைத் திருகி, கவ்வியை விளிம்பில் முட்டி, கௌஜைக் கட்டை தொடும்வரை தள்ளி இறுக்கினால் அளவுகோலே தேவையில்லை. தூரத்துக்கும் ஒரு குச்சி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கல் தேயத் தேய இந்தத் தூரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். சிபிஎன் (கியூபிக் போரான் நைட்ரைடு) சக்கரம் போட்டவர்களுக்கு அந்த வேலை இல்லை, அதன் விட்டம் மாறாது. டிரெஸ் செய்யவும் வேண்டாம். விலைதான் அதிகம். பதப்படுத்தாத மெல்லிரும்பை அதில் வைத்தால் அடைத்துக்கொள்ளும் என்பதையும் கவனியுங்கள்.

கோணத்தில் ஒரே விடை கிடையாது. பின்னால் நீளமாகச் சாய்ந்த இறக்கை வேண்டுமென்றால் மூக்கு 55 முதல் 60 டிகிரி. இதை ஐரிஷ் கிரைண்ட் என்பார்கள். அயர்லாந்தின் லியம் ஓநீல், அமெரிக்காவின் டேவிட் எல்ஸ்வொர்த் இருவரும் இந்த வடிவத்தைப் பரப்பியவர்கள். தள்ளி வெட்டலாம், இழுத்து வெட்டலாம், இறக்கையால் சுரண்டலாம், ஒரே உளி போதும். கடைசல் கலைஞர் ஸ்டூவர்ட் பேட்டி சொல்லும் 40/40 வேறு வகை. மூக்கும் 40, இறக்கையும் 40. நாரை அறுக்கும் சுத்தம் அதில் அபாரம், ஆனால் மேடையில் வைத்துக் கையால் பிடிக்க வேண்டும், ஆழமான கிண்ணத்தின் உள்ளே போகாது. முதல் கௌஜுக்கு 55 வையுங்கள்.

அளவு பற்றியும் ஒன்று. பிரிட்டிஷ் பட்டியலில் 3/8 அங்குலம் என்பது பள்ளத்தின் அகலம், அமெரிக்கப் பட்டியலில் 1/2 அங்குலம் என்பது தண்டின் விட்டம். இரண்டும் ஒரே உளிதான். இது தெரியாமல் இரண்டு முறை வாங்கியவர்கள் உண்டு.

---

கல்லும்பொறியும் (ஓசூர்)

ஜிக் வைத்துப் பிடிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பெவல் முழுக்கக் கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசுங்கள். சாணையை அணைத்துவிட்டு, கல்லைக் கையால் சுற்றி ஒரு தொடு. மை குதிப்பக்கம் (பெவலின் பின்முனை) மட்டும் போயிருந்தால் வி குழியை வெளியே இழுக்க வேண்டும், விளிம்புப் பக்கம் மட்டும் போயிருந்தால் கல்லின் பக்கம் நகர்த்த வேண்டும். நடுவில் சீராகப் போனால் பூட்டிவிட்டு ஓடவிடுங்கள். பொறி விளிம்பைத் தாண்டி உளியின் பள்ளத்துக்குள் வழிய ஆரம்பித்தால் பெவல் விளிம்புவரை சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்துங்கள். ஏற்கெனவே வடிவம் உள்ள கௌஜுக்கு இது அரை நிமிட வேலை.

மூக்கில் அதிக நேரம் நிற்கக் கூடாது. மூக்கில் கல்லைத் தொடும் பரப்பு சின்னது, வேகமாகக் கரையும். இறக்கையில் உலோகம் அதிகம், அங்கேதான் நேரம் வேண்டும். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதால் மூக்கு தட்டையாகி இறக்கை புடைத்துக்கொண்டு நிற்கிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் விளிம்பு நேராகவோ லேசாக மேல்நோக்கி வளைந்தோ இருக்க வேண்டும். நடுவில் பள்ளம் தெரியக் கூடாது.

பள்ளத்தையும் மறக்காதீர்கள். விளிம்பு என்பது இரண்டு பரப்பு சந்திக்கும் கோடு. பெவல் ஒரு பரப்பு, பள்ளத்தின் உள்சுவர் மற்றொன்று. மலிவான கௌஜ்களில் பள்ளத்தினுள் மில்லிங் கோடுகள் அப்படியே இருக்கும். பெவலை எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் விளிம்பு ரம்பம்போலத்தான் வரும். ஒரு குச்சியில் 400 நம்பர் தாளைச் சுற்றி, பள்ளத்தின் நீளவாக்கில் தேய்த்து மெருகேற்றுங்கள். ஒரு முறை செய்தால் வெகுகாலத்துக்குப் போதும்.

---

பூவரசம்பட்டறை (யாழ்ப்பாணம்)

நல்ல உரையாடல். இங்கே எங்களிடம் பூவரசும் வேம்பும்தான் அதிகம் கிடைக்கும், முதிரை எப்போதாவது. பூவரசில் கிண்ணம் கடையாதவர்கள் கடைந்து பாருங்கள். ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தை மைலோ என்பார்கள், உணவுக்கான கிண்ணங்களை அதில் செய்வது அங்கே பழைய வழக்கம், மரத்தின் வாசனை சாப்பாட்டில் இறங்காது என்பதால். வேம்பில் அந்த வசதி இல்லை, புதுசில் கசப்பு இருக்கும். பழம் வைக்கலாம், சோறு வைக்க முடியாது. நம் ஊர்ச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரமும் அங்கே மங்கிபாட் என்ற பெயரில் கிண்ணமாகிறது.

என் கேள்வி: கட்டை கரடுமுரடாக இருக்கும்போது முதல் உருட்டலுக்கு அகலமான ரஃபிங் கௌஜைப் பயன்படுத்தலாமா? செட்டில் வந்தது சும்மா கிடக்கிறது. வேகமாகச் சீவும் போலத் தெரிகிறது.

---

சீவல்சுருள் (திருச்சி)

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், படிக்கும் எல்லோருக்கும் சேர்த்து.

அந்த உளியின் முழுப்பெயர் ஸ்பிண்டில் ரஃபிங் கௌஜ். நீளவாக்கு மரத்துக்கு மட்டும் செய்தது. பெரும்பாலும் தட்டைத் தகட்டிலிருந்து வளைத்துச் செய்யப்படுவது. கைப்பிடிக்குள் போகும் வால் மெலிந்து தட்டையாக இருக்கும். பவுல் கௌஜ் உருண்டைக் கம்பியில் பள்ளம் வெட்டியது, முழுத்தடிமனோடு கைப்பிடிக்குள் போகும். கிண்ணக் கட்டையில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வெட்டுமுனை வந்து அடிக்கும். ரஃபிங் கௌஜின் அகல விளிம்பு அதில் மாட்டினால் வால் உடைந்து உளி முகத்தை நோக்கிப் பறக்கும். எந்தக் கடைசல் சங்கத்திலும் முதல் நாள் சொல்லும் எச்சரிக்கை இதுதான்.

கரடுமுரடை உருட்ட பவுல் கௌஜே போதும். மூலைகளை முதலில் ரம்பத்தால் எடுத்துவிடுங்கள். டெய்ல்ஸ்டாக்கை (லேத்தில் மரத்தை எதிர்முனையில் தாங்கும் பகுதி) முட்டுக் கொடுங்கள். வேகத்துக்கு ஒரு கணக்கு: அங்குலத்தில் விட்டத்தை ஆர்பிஎம்மால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவில் வர வேண்டும். 9 அங்குலத்துக்கு 670 முதல் 1000. கரடான கட்டைக்கு அதற்கும் கீழே ஆரம்பியுங்கள். முழு முகத்தையும் மறைக்கும் கவசம் போட்டே ஆக வேண்டும், மூக்குக்கண்ணாடி போதாது.

---

புதுக்கிண்ணம் (கோவை)

வெள்ளைக்கல் வந்துவிட்டது, மாட்டி டிரெஸ் செய்தேன். ஜிக்கைப் பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறையில் செய்து கொடுத்தார்கள். திசையை மாற்றி, புதுக்கூரோடு அடியிலிருந்து வாய்க்கு ஓட்டினேன். அந்த இரண்டு இடமும் பெருமளவு அடங்கிவிட்டது! சீவல் நீள நீளமாகச் சுருண்டு வருகிறது. லேசான சொரசொரப்பு மட்டும் மிச்சம். உள்பக்கம் ஆரம்பிக்கும்போது வாய் விளிம்பிலேயே உளி வழுக்கி வெளியே ஓடி ஒரு திருகுக்கோடு போட்டுவிடுகிறது. அது ஏன்?

---

சீவல்சுருள் (திருச்சி)

உள்ளே நுழையும் அந்த முதல் கணத்தில் பெவலுக்குச் சாய்ந்துகொள்ள எதுவும் இல்லை. பெவல் படிந்தால்தான் உளிக்கு வழி தெரியும், அது படிவதற்கு இன்னும் வெட்டிய சுவரே உருவாகவில்லை. அதனால் நுழையும்போது கௌஜைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், பள்ளம் கிண்ணத்தின் நடுவைப் பார்த்து, கடிகாரத்தில் 3 மணி முள் காட்டும் திசையில். பெவல் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தக் கோட்டில் கைப்பிடியை வையுங்கள். நுனியை மட்டும் மெதுவாக ஒரு சில மி.மீ. உள்ளே செலுத்துங்கள். சின்னத் தோள் ஒன்று உருவாகும். பெவல் அதில் படிந்ததும் பள்ளத்தை 2 மணி அளவுக்குத் திறந்துகொண்டு தொடரலாம்.

கேட்ச் எப்போது வரும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். விளிம்பில் வெட்டுகிற புள்ளிக்கு நேர் பின்னால் பெவலோ டூல் ரெஸ்டோ (உளியை வைக்கும் தாங்கி) தாங்க வேண்டும். தாங்கல் இல்லாத மேல் இறக்கை மரத்தில் பட்டால் மரம் உளியைப் பிடுங்கிக்கொள்ளும். பள்ளம் நேராக வானத்தைப் பார்த்தபடி உள்ளே தள்ளுகிறவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். பெவலை அழுத்தவும் கூடாது. அழுத்தினால் மென்மையான இடத்தில் உள்ளே போகும், கடினமான இடத்தில் எகிறும், பரப்பு அலை அலையாக வரும். தொட்டுக்கொண்டு போனால் போதும். கைப்பிடியை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, கையால் தள்ளாமல் உடம்பைச் சாய்த்து நகருங்கள்.

மிச்சமிருக்கும் சொரசொரப்புக்கு: கடைசி ஓட்டத்துக்கு முன்னால், உளி நன்றாக வெட்டிக்கொண்டிருந்தாலும், ஒரு முறை சாணைக்குப் போய் வாருங்கள். சீவல் கடுதாசி கனத்துக்கு எடுங்கள். அதற்கும் அடங்காத இடத்தில் இறக்கையால் சுரண்டலாம். வெளிப்பக்கத்தில், கைப்பிடியை நன்றாகத் தாழ்த்தி, பள்ளம் மரத்தைப் பார்த்து ஏறக்குறைய மூடியிருக்க, கீழ் இறக்கையின் விளிம்பு சுமார் 45 டிகிரி சாய்வில் மரத்தைத் தொட வேண்டும். பஞ்சுபோல மெல்லிய துகள் வரும். பொடி வந்தால் மழுங்கிவிட்டது.

---

அம்பை_கடைசல் (அம்பாசமுத்திரம்)

தம்பி, மரம் எவ்வளவு ஈரம்? கொல்லையில் வெட்டியது என்றால் இன்னும் காய்ந்திருக்காதே. பச்சை மரத்தில் உளி சுகமாக ஓடும், ஆனால் முடித்துவைத்தால் கோணிக்கொள்ளும், வெடிக்கும்.

---

வடக்குக்காற்று (டொரொண்டோ)

ஐயா சொல்வது முக்கியம். பச்சை மரத்தை இரண்டு கட்டமாகச் செய்வார்கள். முதலில் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனமாக விட்டுக் குடைந்துவிடுவது, 9 அங்குலத்துக்கு ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. வெட்டுமுனைப் பக்கங்களில் மெழுகு பூசி, காற்றோட்டம் குறைந்த நிழலில் வைத்து, அவ்வப்போது எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. அதற்குள் அது முட்டை வடிவமாகியிருக்கும், மறுபடி மாட்டி வட்டமாக்க அந்தக் கனம் வேண்டும். இங்கே மேப்பிளுக்குச் சில மாதங்கள் ஆகும். கோவை வெயிலில் சீக்கிரம் காயும், அதனாலேயே சீக்கிரம் வெடிக்கவும் செய்யும். காகிதப் பையில் போட்டு வைப்பது உதவும்.

---

புதுக்கிண்ணம் (கோவை)

அப்படியானால் இதை இப்போது முடிக்கவில்லை, ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக நிறுத்தி மெழுகு பூசிவிடுகிறேன். குடையும்போது ஒன்று கவனித்தேன். சுவர் சுத்தமாக வருகிறது, ஆனால் சுவர் வளைந்து அடிக்குத் திரும்பும் இடத்தில் கோடுகோடாக விழுகிறது. நடு மையத்தில் சின்ன முளை நின்றுவிடுகிறது.

---

சீவல்சுருள் (திருச்சி)

அந்தத் திருப்பத்தில் பெவல் மரத்தை விட்டுவிடுகிறது. 55 டிகிரி கௌஜை அங்கே படியவைக்கக் கைப்பிடியை உங்கள் பக்கம் இன்னும் வளைக்க வேண்டும், ஆனால் தண்டு கிண்ணத்தின் வாயில் முட்டும். இதற்குத்தான் பலர் 65 முதல் 70 டிகிரி வைத்த இரண்டாவது கௌஜ் ஒன்றை அடிக்கென்று வைத்திருக்கிறார்கள். இறக்கை நீளமாக வேண்டாம், மொட்டையான மூக்கே போதும். புதிதாக வாங்க வேண்டியதில்லை, தேய்ந்து குட்டையான கௌஜை இப்படி மாற்றிப் பிடித்துக்கொள்ளலாம்.

இரண்டு கௌஜிலும் பெவலின் குதியைச் சாணையில் கொஞ்சம் உடைத்துவிடுங்கள். பெவலின் பாதி நீளம் மிஞ்சினால் போதும். முழு பெவலோடு உள்வளைவில் போனால் குதியின் கூர்மையான மூலை மரத்தை நசுக்கி, வெட்டிய பரப்பில் கோடு போடும். எண்ணெய் பூசும்வரை அது கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் சொல்லும் கோடுகளில் பாதி அதுவாகத்தான் இருக்கும்.

முளை நிற்பது வேகத்தால். விளிம்பில் வேகமாக ஓடும் மரம் நடு மையத்தில் ஓடுவதே இல்லை. அதே வேகத்தில் கையை நகர்த்தினால் அங்கே அறுபட நேரமில்லாமல் நார் பிய்யும். கடைசி ஒரு அங்குலத்தில் கையை நன்றாக மெதுவாக்குங்கள். நுனி மிகச்சரியாக மைய உயரத்தில் வர வேண்டும். கீழே போனால் முளை மிஞ்சும், மேலே போனால் மையத்தைத் தாண்டும்போது மறுபக்கம் மேல்நோக்கி ஓடும் மரம் உளியைத் தூக்கும்.

---

கல்லும்பொறியும் (ஓசூர்)

70 டிகிரிக்கு ஜிக் அளவை மாற்றும்போது பழைய குச்சியைத் தூக்கிப் போடாதீர்கள். வி குழித் தூரத்துக்கு இரண்டாவது குச்சி ஒன்று வெட்டி, இரண்டிலும் எந்த உளிக்கு என்று எழுதி வையுங்கள். காலின் சாய்வையும் நீட்டலையும் தொடாமல் தூரத்தை மட்டும் மாற்றினால் போதும். குழியைக் கல்லிலிருந்து வெளியே இழுக்க இழுக்க மூக்கு மொட்டையாகும்.